நாற்பத்திரண்டு காட்டிய கேக்

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு, கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸ் பஸ் யார்டில், வாழ்நாளில் ஒரு கிளாஸ் பீர்கூடக் குடித்திராத தம்மபாலன் குடி கண்டுபிடிக்கும் மெஷினில் ஊதினார். மெஷின் கீச்சென்று கத்தியது. சிவப்பு விளக்கு எரிந்தது. சின்னத் திரையில் நாற்பத்திரண்டு என்று எண் வந்து நின்றது. முப்பதைத் தாண்டினாலே சட்டப்படி வண்டியைத் தொடக் கூடாது.

மெஷினைப் பிடித்திருந்த மேனேஜர் மனோகர் எண்ணைப் பார்த்தான், தம்மபாலனைப் பார்த்தான், மறுபடி எண்ணைப் பார்த்தான். மெஷினைத் தொடையில் இரண்டு தட்டுத் தட்டினான். எண் மாறவில்லை.

“இன்னாண்ணா இது,” என்றான், சாவு வீட்டில் பேசுகிற குரலில்.

“மெஷின் ரிப்பேரு.”

“முந்தாநேத்துதான் சர்வீஸ் ஆகி வந்துச்சு. நீங்கதான் கையெழுத்துப் போட்டு வாங்கினீங்க.”

அதுவும் உண்மைதான். மெஷின் அந்த யார்டுக்கு வந்ததே தம்மபாலனால்தான். டிராவல்ஸ்காரர்கள் பெங்களூருக்கு ஆள் ஏற்றிப்போகும் பதினோரு பஸ்களில் ஒன்றை அவர் ஓட்டினார். ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு கம்பெனிக்குத் தினமும் முப்பத்தெட்டுப் பேர். ஐம்பத்து நாலு வயது, பத்தொன்பது வருட சர்வீஸ், பஸ்ஸின் உடம்பில் ஒரு கீறல் கிடையாது. ஓட்டாத நேரத்தில் அவர் சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய லைன் வீடுகளின் கோடியில் இருக்கும் புத்த விகாரையின் செயலாளர். ஞாயிற்றுக்கிழமைகளில் பஞ்சசீலம் பற்றிப் பேசுவார். முதல் நாலு சீலங்களைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, போதை தரும் எதையும் உட்கொள்ளாமை என்கிற ஐந்தாவதுக்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்வார். விகாரைக்கு வருகிறவர்கள் கொலை செய்வதில்லை, திருடுவதில்லை, பொய் சொன்னாலும் அளவோடு சொல்கிறார்கள், குடிதான் பிரச்சினை என்பது அவர் கருத்து. லைனில் அவருக்குச் சீலம் அண்ணன் என்று பெயர். முன்னால் சொல்லும்போதும் பின்னால் சொல்லும்போதும் பெயர் அதேதான், தொனிதான் வேறு.

இரண்டு வருடத்துக்கு முன்னால் டிரைவர்கள் எல்லாரும் வண்டி எடுக்குமுன் ஊத வேண்டும் என்று இரண்டு பக்கத்துக்கு மனு எழுதிக் கொடுத்தவர் அவர்தான். அதற்குப் பிறகு ஒரு பொங்கல் சமயத்தில் சிவகுமார் என்கிற டிரைவர் ஊத, மெஷின் கத்தியது. “வாய் நாத்தத்துக்கு மருந்து கொப்புளிச்சேன், அதான். தண்ணி குடிச்சிட்டு இன்னொரு தபா ஊதறேன்,” என்றான் சிவகுமார். தம்மபாலன் ஒப்பவில்லை. ஊதினது ஊதினதுதான், இரண்டாம் ஊதல் கிடையாது என்று அன்றைக்கே ரெஜிஸ்டரில் ஏழாவது விதியாக எழுத வைத்தார். சிவகுமாருக்கு ஐந்து நாள் சஸ்பென்ஷன்.

இப்போது பஸ்ஸில் உட்கார்ந்திருந்த ஜனங்கள் தூக்கம் கலைந்து எட்டிப் பார்த்தார்கள். அவர்களில் மமதா இறங்கி வந்தாள். மாரிகுப்பத்துப் பெண், அதே கம்பெனியில் பாதுகாப்புப் பிரிவில் வேலை. தொழிற்சாலையில் யார் வழுக்கி விழுந்தாலும் ஏன் விழுந்தார் என்று நாலு பக்கம் எழுதுவது அவள் பிழைப்பு.

“அங்கிள், காலையில இன்னா சாப்ட்டீங்க?”

“டீ. அப்புறம் ஒரு துண்டு கேக்கு. பக்கத்து வீட்டு ஜெனிட்டா குடுத்தது.”

“எப்போ சாப்ட்டீங்க?”

“யார்டு கேட்டுல நுழையும்போதுதான் கடைசி வாய்.”

“ஒரே துண்டா?”

தம்மபாலன் டயரைப் பார்த்தார். “ரெண்டு.” கொஞ்சம் பொறுத்து, “மூணுன்னு வெச்சுக்கோ. மூணாவது சின்னது,” என்றார்.

“அந்த கேக்ல ரம் இருக்கும் அங்கிள். இது வாயில ஒட்டிக்கினு இருக்கிறது, ரத்தத்துல ஏறினது இல்ல. வாய் கொப்புளிச்சிட்டு பதினஞ்சு நிமிஷம் சும்மா உக்காருங்க. அப்புறம் ஊதுங்க, சீரோ வரும்.”

மனோகர் ரெஜிஸ்டரைக் கொண்டுவந்து ஏழாவது விதியை விரலால் காட்டினான். கீழே, வளைத்து வளைத்துப் போட்ட தம்மபாலனின் கையெழுத்து இருந்தது. “எனக்குத் தெரியாதாண்ணா நீங்க குடிக்க மாட்டீங்கன்னு. ஆனா இன்னைக்கு உங்களுக்கு ரெண்டாவது தபா குடுத்தா, நாளைக்கு எல்லாரும் கேக்கு துன்னேன்னுதான் சொல்லுவான்.”

அது தம்மபாலன் சொல்லியிருக்கக்கூடிய வாக்கியம்.

மாற்று டிரைவராக, யார்டுக்குப் பின்னாலேயே குடியிருந்த சிவகுமாரைக் கூப்பிட்டார்கள். அன்று அவனுக்கு வார லீவு. ஐந்து நிமிடத்தில் சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டுக்கொண்டு வந்தான். கண் இரண்டும் மிளகாய்ப்பழம் மாதிரி இருந்தது. குடியில்லை, போனில் ரம்மி ஆடிக்கொண்டு விடிய விடிய விழித்திருந்திருக்கிறான். நாலரைக்குத்தான் போனைக் கீழே வைத்தானாம். ஊதினான். பச்சை விளக்கு எரிந்தது. எண் பூஜ்யம்.

“ஃபிட்டு,” என்றான் மனோகர், மனநிறைவோடு.

ஃபிட்டான சிவகுமார் சாவியைத் துவாரத்தில் நுழைக்க மூன்று முறை முயன்றான். அதைப் பார்த்த தம்மபாலனுக்கு, தன் மானம் போன கவலையையும் மீறி, முப்பத்தெட்டுப் பேரைப் பற்றிய கவலை வந்தது. பஸ்ஸில் ஏறி, டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜின் மேலிருக்கும் சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

“நீங்க இன்னைக்கு சஸ்பெண்டுண்ணா,” என்றான் மனோகர் கீழே நின்று.

“டிரைவராத்தானே சஸ்பெண்டு. பேசஞ்சரா இல்லையே. வண்டிய எடு, சிவா.”

ராபர்ட்சன்பேட்டை தாண்டும்வரை சிவகுமார் சரியாகத்தான் ஓட்டினான். பங்காருப்பேட்டை நெருங்கும்போது தலை ஒரு முறை ஆடியது. தம்மபாலன் பேச ஆரம்பித்தார். அவருக்குப் பேசத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். பஞ்சசீலத்தை முதலிலிருந்து தொடங்கினார். சிவகுமாரின் இமை தாழும்போதெல்லாம் குரலை உயர்த்தினார். பெங்களூரு போய்ச் சேரும்வரை தூங்கலாம் என்று ஏறியிருந்த முப்பத்தெட்டுப் பேரும், சால்வையைக் காதுவரை இழுத்துக்கொண்டு, உயிர்வதை செய்யாமையின் மேன்மையைக் கேட்டுக்கொண்டு போனார்கள். பின் சீட்டிலிருந்து யாரோ, “கேக்கு நல்லா வேலை செய்யுது,” என்றார்கள். தம்மபாலன் காதில் விழுந்தது. நிறுத்தவில்லை.

“அண்ணா, இன்னும் எவ்ளோ தூரம்?” என்று கேட்டான் சிவகுமார்.

“கோலார் தாண்டலையேப்பா இன்னும்.”

“ரோடு இல்லண்ணா. சீலம்.”

நரசாபுரத்துக்கு முன்னால் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்த வைத்து, சிவகுமாரை முகம் கழுவச் சொன்னார். இரண்டு பேரும் டீ குடித்தார்கள். குளிர் எலும்பில் இறங்கியது. அங்கே தம்மபாலன் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். “பொங்கல் அன்னிக்கு உன்னை நான் நம்பல. இன்னைக்கு எனக்கே நடக்கும்போதுதான் தெரியுது. மனசுல வெச்சுக்காத.”

சிவகுமார் டீயை ஒரு மிடறு குடித்தான். “அன்னிக்கு நான் நெஜமாத்தாண்ணா குடிச்சிருந்தேன். ஒரு குவார்ட்டர்.”

தம்மபாலன் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“ஆனா ஒண்ணு,” என்றான் சிவகுமார். “உங்களைக் கேட்டாங்க. இன்னா சாப்ட்டே, எப்ப சாப்ட்டே, எத்தினி துண்டுன்னு. என்னை ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தா நானே உண்மைய சொல்லியிருப்பேன்.” யோசித்தான். “சொல்லியிருக்க மாட்டேன். ஆனாலும் கேட்டிருக்கணும்.”

பஸ் இருபது நிமிடம் தாமதமாக, முழுசாக, கம்பெனி வாசலில் போய் நின்றது.

செய்தி அதற்கு முன்னாலேயே ஊர் திரும்பிவிட்டது. பஸ்ஸில் இருந்த யாரோ வாட்ஸப்பில் ‘சீலம் அண்ணன் 42’ என்று மட்டும் போட்டிருந்தார்கள். மேலே விளக்கம் தேவைப்படவில்லை. மாலையில் தம்மபாலன் வீட்டுக்கு வந்தபோது லைனில் மூன்று பேர் நலம் விசாரித்தார்கள். அவர் பக்கத்தில் வந்து, மூக்கால் விசாரித்தார்கள்.

சுலோச்சனா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இருபத்தெட்டு வருடமாக அவரோடு குடித்தனம் செய்பவள், எதற்கும் பதறமாட்டாள்.

“மூணு துண்டுன்னு சொன்னீங்களாமே. நான் டப்பாவுல ரெண்டுதான வெச்சேன்.”

“ஒண்ணு கிளம்பும்போது எடுத்தேன்.”

“அதுல ரம் இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“நீ சொன்னியா?”

“நீங்க கேட்டீங்களா?”

இதற்குத் தம்மபாலனிடம் பதில் இருந்தது. ஆனால் அது சொல்லக்கூடிய பதில் இல்லை. பதினேழு வருடத்துக்கு முன்னால், ஜெனிட்டாவும் அவள் புருஷன் ஆட்டோக்கார ஏசுபாதமும் அடுத்த வீட்டுக்கு வந்த முதல் வருடம், அவர்கள் அடுப்படியில் ஒரு பெரிய பீங்கான் ஜாடியைப் பார்த்தார். அக்டோபர் மாதமே உலர்திராட்சை, பேரீச்சை, செர்ரி, ஆரஞ்சுத் தோல் எல்லாவற்றையும் பொடியாக நறுக்கி அதில் ஊறப் போட்டிருந்தார்கள். ஏசுபாதம் பெருமையாக மூடியைத் திறக்கப் போனான். “இதுல இன்னா ஊத்தறோம் தெரியுமாண்ணா?” என்றான். தம்மபாலன் மூடியின் மேல் கையை வைத்து, “திறக்காதீங்க, காத்துப் பட்டா கெட்டுப்போயிடும்,” என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார். டிசம்பரில் கேக் வந்தது. கறுப்பாக, கனமாக, வாயில் வைத்தால் நெஞ்சுவரை சூடு இறங்கியது. அதற்கப்புறம் ஒவ்வொரு வருடமும் அவர் என்ன ஊற்றுகிறார்கள் என்று கேட்காமலிருப்பதில் மிகவும் கவனமாக இருந்தார்.

சனிக்கிழமை யார்டில் விசாரணை நடந்தது. கம்பெனி விளக்கம் கேட்டிருந்தது. மமதாதான், சும்மா பேசிக்கொண்டிருப்பதைவிடச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று யோசனை சொன்னாள். சாட்சியாக ஜெனிட்டாவை வரச் சொன்னார்கள். மீதியிருந்த கேக்கையும் எடுத்துவரச் சொன்னார்கள். தையல் மெஷினை விட்டு எழுந்துவந்த எரிச்சலோடு ஜெனிட்டா டப்பாவை மேஜையில் வைத்தாள்.

“எவ்ளோ ரம் ஊத்தினீங்க?” என்று பேனாவும் கையுமாகக் கேட்டான் மனோகர்.

“ஒரு ஆஃப் பாட்டில். மிலிட்டரி கேன்டீன் ரம்.”

“மொத்தம் எத்தனை கிலோ கேக்கு?”

“ஆறு கிலோ. பழம் ஊறுறதுக்கு முக்காவாசி. வெந்து எடுத்தப்புறம் மேல ஊத்தறதுக்கு மீதி. வேகும்போது பாதி பறந்து பூடும். மனோகரு, நீ சின்னப் புள்ளையில எங்க வூட்டுக்கு வந்து எத்தனை துண்டு சாப்ட்டிருப்பே, அப்ப எழுதினியா இதெல்லாம்?”

மனோகர் அதை ரெஜிஸ்டரில் எழுதவில்லை. விஞ்ஞானத்துக்காகத் தானே கேக்கைச் சாப்பிட முன்வந்தான். மூன்று துண்டு சாப்பிட்டான், மூன்றாவதைச் சின்னதாக எடுக்கவில்லை. உடனே ஊதினான். ஐம்பத்தொன்று. யார்டில் இருந்த டிரைவர்கள் எல்லாரும் ஒரு பெருமூச்சு விட்டார்கள். மமதா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மனோகர் வாய் கொப்புளித்து, பதினைந்து நிமிடம் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, மறுபடி ஊதினான். பூஜ்யம்.

“ஒருத்தரை வெச்சு முடிவு பண்ணக் கூடாதுங்க,” என்றார் ஒரு டிரைவர். “எனக்கு ஒடம்பு வாகு வேற.” இன்னொருவர் தனக்குச் சர்க்கரை இருப்பதால் தன்னையும் சோதிப்பதுதான் முறை என்றார். கால் மணி நேரத்தில் ஒன்பது பேர் வரிசையில் நின்றார்கள். ஒன்பது பேருக்கும் முதலில் சிவப்பு, பிறகு பச்சை. விசாரணைக்கு எந்த விதத்திலும் தேவைப்படாத வாட்ச்மேனையும் சோதித்தார்கள். சோதனை முடிந்தபோது டப்பாவில் பட்டர் பேப்பர்தான் மிச்சம்.

“இதுலேர்ந்து இன்னா தெரியுது?” என்று கேட்டான் மனோகர்.

“கேக்குத் தின்னதால ஓட்ட முடியாமப் போகாது, தின்ன உடனே ஊதினா மெஷின் ஏமாந்துபோகும். அவ்ளோதான்,” என்றாள் மமதா. “கால் மணி நேரம் விட்டு ரெண்டாவது தபா ஊத விடுங்க. வண்டி ஓட்டற அன்னிக்குக் காலையில வேற ஏதாச்சும் சாப்பிடச் சொல்லுங்க.”

தம்மபாலன் எழுந்தார். “இன்னொண்ணும் எழுதணும். ராத்திரி தூங்கினியான்னு டிரைவர்கிட்ட கேக்கணும். அன்னிக்கு சிவகுமாருக்குப் பச்சை எரிஞ்சுது. அவன் எனக்கு வாயில நுரை வர வெச்சிட்டான்.”

மனோகர் பேனாவை மூடினான். “தூக்கத்துக்கு மெஷின் இல்லையேண்ணா. மெஷின் வரட்டும், சேத்துக்கலாம்.”

ஏழாவது விதி திருத்தப்பட்டது. தம்மபாலன் திங்கட்கிழமை முதல் வேலைக்கு வரலாம் என்று சொன்னார்கள். அதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் மனோகர் அன்று மாலையே ஒரு சுற்றறிக்கை தட்டி யார்டு சுவரில் ஒட்டினான். ஓட்டுநர்கள் பணிக்கு வரும் நாளில் கிறிஸ்துமஸ் கேக் உண்ணக் கூடாது என்பது முதல் வரி. கிறிஸ்தவப் பண்டிகையை மட்டும் சொன்னால் மனம் புண்படுமே என்று, இரண்டாவது வரியில் சர்க்கரைப் பொங்கல், அதிரசம், கொழுக்கட்டை, ஒப்பட்டு என்கிற போளி ஆகியவற்றைச் சேர்த்தான். முஸ்லிம் டிரைவர்கள் இரண்டு பேர் இருந்ததால் மூன்றாவது வரியில் சேமியா பாயசம். புத்த பூர்ணிமாவுக்கு விகாரையில் கொடுக்கும் பால் சோறு நாலாவது வரி.

“கொழுக்கட்டையில எங்க சார் ஆல்கஹால் இருக்கு?” என்று கேட்டாள் மமதா.

“ஆல்கஹால் இல்லம்மா. சமத்துவம்.”

ஞாயிற்றுக்கிழமை விகாரையில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கூட்டம். தம்மபாலனின் பேச்சைக் கேட்க இவ்வளவு பேர் ஒருநாளும் வந்ததில்லை. புத்தர் சிலைக்கு முன்னால் ஊதுவத்தி புகைந்தது. வந்தனை முடிந்ததும் சங்கத் தலைவர் கௌதமன் தொண்டையைச் செருமினார். ஓய்வுபெற்ற தபால்காரர், எதையும் முறைப்படி செய்பவர்.

“நம்ம செயலாளர் மேல ஒரு களங்கம் வந்துடுச்சு. அவரு குடிக்கலன்னு யார்டுலயே எழுதிக் குடுத்துட்டாங்க. ஆனா கேக்குல ரம் இருந்துது, அது வயித்துக்குள்ள போச்சு. இதுவும் நெசம். இப்ப கேள்வி இன்னான்னா, அஞ்சாவது சீலம் கெட்டுதா இல்லையா.”

கூட்டம் அரை மணி நேரம் விவாதித்தது. குடித்தால்தான் குற்றம், மென்றால் குற்றமில்லை என்றார் ஒருவர். அப்படியென்றால் ஊறுகாய் மாதிரித் தொட்டுக்கொண்டால் பரவாயில்லையா என்று இன்னொருவர் ஆவலாகக் கேட்டார். கடைசியில் கௌதமன் கையை உயர்த்தினார்.

“தெரியாம சாப்ட்டா சீலம் கெடாது. மனசுல எண்ணம் இருந்தாத்தான் குத்தம். பாலன், உங்களுக்குத் தெரியாது இல்ல?”

தம்மபாலன் ஒன்றும் சொல்லவில்லை. அதையே பதிலாக எடுத்துக்கொண்டு கௌதமன் தீர்மானத்தைச் சொல்லத் தொடங்கினார். செயலாளர் என்ற முறையில் மினிட்ஸ் புத்தகத்தில் அதை எழுத வேண்டியவரும் தம்மபாலன்தான். “மது கலந்த பண்டத்தை, உண்மையை மறைத்து, நமது செயலாளருக்குக் கொடுத்த அண்டை வீட்டாரின் செயலை இச்சங்கம் வன்மையாக...”

‘உண்மையை மறைத்து’ என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. ஏசுபாதம் ஜாடி மூடியைத் திறக்கப் போனதும், தான் கையை வைத்து அழுத்தியதும் கண்முன் வந்தது. ஐந்தாவது சீலத்தைக் காப்பாற்ற, இத்தனை வருடமாகப் பேச்சில் இரண்டே நிமிடம் ஒதுக்கிவந்த நாலாவது சீலத்தைக் கொடுக்க வேண்டியிருந்தது. நாலாவது பொய் சொல்லாமை. பெண்கள் பக்கம் பார்த்தார். சுலோச்சனா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், என்ன செய்யப்போகிறார் என்று தெரிந்துகொள்ளும் ஆர்வம் மட்டும்தான் முகத்தில்.

“தெரியும்,” என்று எழுந்து நின்றார் தம்மபாலன்.

“இன்னா தெரியும்?”

“ரம் இருக்கிறது. பதினேழு வருஷமா தெரியும். அவங்க சொல்ல வந்தாங்க, நான்தான் சொல்ல விடல. சொல்லிட்டா நிறுத்தணும். எனக்கு அந்தக் கேக்கை நிறுத்த மனசு வரல.”

அவர் காதெல்லாம் சூடாகிவிட்டது. இதுவரை எத்தனை பேரை இந்த இடத்தில் நிற்க வைத்திருக்கிறோம் என்ற எண்ணம் வந்து, உட்காரவும் தோன்றாமல் நின்றார்.

முன் வரிசையில் ஒரு பெரியவர் மெல்லக் கேட்டார். “அப்போ தசமூலாரிஷ்டம்?”

“அதுக்கு இன்னா?”

“பாட்டில் மேலயே போட்டிருக்கான், ஆல்கஹால் இவ்ளோன்னு. பேத்திக்கு லேபிள் படிக்கத் தெரிஞ்சதிலேர்ந்து எனக்கு நிம்மதி இல்ல.”

அதற்காகவே காத்திருந்த மாதிரி பின்னாலிருந்து ஒருவர் இருமல் மருந்தைப் பற்றிச் சொன்னார். இருமல் நின்று ஒரு வருடமாகிறதாம், மருந்து மட்டும் நிற்கவில்லையாம். இன்னொருவர் வாணியம்பாடியில் மாமியார் வீட்டில் ஆப்ப மாவில் கள் ஊற்றிப் புளிக்க வைப்பதாகவும், பன்னிரண்டு ஆப்பம்வரை தன்னால் சாப்பிட முடிவதாகவும் சொன்னார். ஒரு அம்மா, ஹோமியோபதி உருண்டையைச் சேர்க்கலாமா என்று கேட்டாள். ஆளாளுக்கு எழுந்து நின்றார்கள். கௌதமன் மேஜையைத் தட்டித் தட்டிப் பார்த்தார். கடைசியில் அவரே, குரலைத் தாழ்த்தி, ஜீரணத்துக்காக எட்டு வருடமாக ஒரு திராட்சாரிஷ்டம் சாப்பிடுவதாகவும், அது வைத்தியர் சொல்லித்தான் என்றும் சொல்லி உட்கார்ந்தார்.

எழுதிய வரியைத் தம்மபாலன் அடித்தார். செயலாளர் பதவியை விட்டு விலகுவதாகச் சொன்னார். மினிட்ஸ் யார் எழுதுவது என்று தலைவர் கேட்டதும் எல்லோரும் தரையைப் பார்த்ததால், விலகல் ஏற்கப்படவில்லை. ஆனால் ஏதாவது தண்டனை வேண்டும் அல்லவா. மூன்று மாதத்துக்கு அவர் ஐந்தாம் சீலம் பற்றிப் பேசக் கூடாது என்று ஒருவர் முன்மொழிந்தார். அந்தச் சங்கத்தின் வரலாற்றில் எந்தத் தீர்மானமும் அவ்வளவு வேகமாக, அவ்வளவு ஏகமனதாக நிறைவேறியதில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில், வழக்கமாக நாலடி பின்னால் வருகிற சுலோச்சனா பக்கத்திலேயே நடந்தாள். ஜெனிட்டா வீட்டு வாசலில் தம்மபாலன் நின்றார்.

“ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன். அவங்களை யார்டு வரைக்கும் இழுத்துட்டேன்.”

உள்ளே அடுப்படி முழுக்க மாவும் முட்டையும். ஏசுபாதம் சட்டை இல்லாமல் சர்க்கரையைக் கருக்கிக்கொண்டிருந்தான். நாற்பத்திரண்டு காட்டிய கேக் என்று ஊரெல்லாம் பேச்சாகி, புது வருடத்துக்கு ஆண்டர்சன்பேட்டையிலிருந்துகூட ஆர்டர் வந்திருந்தது. இரண்டு பேர், நாற்பத்திரண்டு போதாது, குறைந்தது ஐம்பது காட்ட வேண்டும் என்று கேட்டிருந்தார்களாம்.

“பாலண்ணா, உக்காருங்க,” என்றாள் ஜெனிட்டா. “விகாரையில சொன்னதெல்லாம் வந்து சேந்துடுச்சு. நீங்க வர்றதுக்கு முன்னாடியே.”

“உங்க மேல பழி வர இருந்துது. நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்.”

“எங்களுக்குத் தெரியாதா உங்களுக்குத் தெரியும்னு? வருஷா வருஷம் ஓரத் துண்டாப் பாத்துத்தான எடுப்பீங்க. ஊத்தறது ஓரத்துலதான் இறங்கி நிக்கும்.” அவள் சிரிக்காமல்தான் சொன்னாள். “அடுத்த வருஷத்துலேர்ந்து உங்களுக்கு மட்டும் ஆரஞ்சு ஜூஸ்ல ஊற வெச்சுத் தனியாப் போடறேன்.”

“எப்படி இருக்கும் அது?”

ஜெனிட்டாவும் ஏசுபாதமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “கேக்கு மாதிரி இருக்கும்ணா,” என்றான் ஏசுபாதம், முடிந்தவரை அன்பாக.

கிளம்பும்போது ஜெனிட்டா ஒரு துண்டைக் காகிதத்தில் மடித்து நீட்டினாள். காலையில் ஊற்றியதுபோல, வாசனை வாசல்வரை வந்தது. தம்மபாலன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்ல அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

சுலோச்சனா கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள். அவளுக்கு விகாரையில் பதவி எதுவும் இல்லை, ஓட்ட பஸ்ஸும் இல்லை. வாசலுக்கு வருமுன்னே காகிதத்தைப் பிரித்து, ஓரத்திலிருந்து ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டாள்.

“எப்படி இருக்குது?” என்று கேட்டார் தம்மபாலன்.

“போன வருஷத்தைவிட நல்லா இருக்கு,” என்றாள் சுலோச்சனா, மென்றுகொண்டே.